பந்திங் மண்ணும் சுமத்ரா ஆட்டமும்

பந்திங் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பூப்பந்துப் பிரியர்களுக்குச் சீடேக் சகோதரர்கள் நினைவுக்கு வருவார்கள். 1982இல் ராசிப்பும் ஜாலானியும் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைக் கொண்டுவந்தபோது தோட்டம் தோட்டமாகக் கயிறு கட்டிப் பூப்பந்து ஆடியவர்கள் நாம். குழந்தைகளுக்கோ மோரிப் கடற்கரை. வயதானவர்களுக்குக் கேரி தீவு, தெலுக் டத்தோ, புரூக்லண்ட்ஸ் என்று தாங்கள் வேலை செய்த தோட்டங்கள்.

இன்று நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது இவை எல்லாவற்றுக்கும் கீழே. பந்திங்கின் மண்ணைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மண்ணில் பார்க்க என்ன இருக்கிறது என்று முகம் சுளிக்காதீர்கள். கடலுக்கு அப்பால் சுமத்ராவில் பூமி அசைகிறபோது, இங்கே உங்கள் பிளாட்டில் விளக்கு எவ்வளவு ஆடும் என்பதை முடிவு செய்வதில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிரிக்பீல்ட்ஸில் புறப்படுவோம். அந்தப் பெயரே மண்ணிலிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் கோலாலம்பூரைக் கட்டி எழுப்ப அங்கே களிமண் தோண்டிச் செங்கல் சுட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் களிமண் மேலே ஒரு போர்வை மாதிரி. சற்றுத் தோண்டினால் பாறை வந்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலம் வரை மேடும் பள்ளமுமாக நிலம் ஏறி இறங்குகிறது. கிள்ளானில் சுல்தானின் அரண்மனைகூட ஒரு மேட்டில்தான் நிற்கிறது. அந்த மேட்டைத் தாண்டித் தெற்கே திரும்பியதும், கவனித்திருக்கிறீர்களா, மேடு என்பதே இல்லாமல் போய்விடுகிறது!

சிஜாங்காங், தெலுக் பங்லீமா காராங், ஜெஞ்சாரோம், பந்திங். 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலான இந்தச் சாலை முழுவதும் பாய் விரித்தாற்போல் சமதரை. இரண்டு பக்கமும் வாய்க்கால். வாய்க்கால் இல்லாவிட்டால் தோட்டமே இல்லை. நம் முன்னோர் சேற்றில் இடுப்பளவு நின்று வெட்டிய வாய்க்கால்களால்தான் இந்த நிலம் நடக்கும் நிலமாயிற்று. துரைமார்களுக்கு இந்தக் கடலோரக் களிமண்மீது அவ்வளவு ஆசை. ரப்பரும் தென்னையும் பிறகு செம்பனையும் இதில் செழித்து வந்தன. இன்னும் உள்ளே போனால் கறுப்பு மண். மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்பார்கள். மக்கிய மரமும் இலையுமாய், நடந்தால் பஞ்சுபோல் அமுங்கும். அங்கே செம்பனை மரங்கள் குடித்தவன் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதைக் காணலாம். மண் வடியவடியத் தாழ்ந்துபோவதால் வேர் பிடி விட்டு, மரம் சாய்கிறது. வெளிக்காட்டு வேலை செய்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதி பனியில் மூழ்கிக் கிடந்தபோது, கடல் மட்டம் இன்றைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை நீரிணையாகவே இல்லை. நடந்தே சுமத்ராவுக்குப் போயிருக்கலாம்! லங்காட் போன்ற ஆறுகள் அப்போது மணலும் சரளைக்கல்லும் கொண்டுவந்து குவித்தன. பனி உருகிக் கடல் ஏறியது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய மட்டத்தைவிடச் சில மீட்டர் உயரத்தில் நின்றது. இன்றைய பந்திங் பட்டணமே அன்று கடல்தான். ஜுக்ரா மலை ஒரு தீவாக நின்றிருக்க வேண்டும். அமைதியான அந்தக் கடலடியில் மெல்லிய சேறு படிந்து படிந்து ஏறியது. பிறகு கடல் பின்வாங்கிற்று; சேறு இங்கேயே தங்கிவிட்டது.

ஆகவே இந்தப் பக்கத்தில் துளையிட்டுப் பார்த்தால் முதலில் மென்மையான கடற்களிமண். சில இடங்களில் அது சில மீட்டர், சில இடங்களில் 20, 30 மீட்டர். அதன் கீழே பழைய மணலும் சரளையும். எல்லாம் தாண்டிய பிறகுதான் பாறை.

நேரம் இருந்தால் ஜுக்ரா மலையில் ஏறிப் பாருங்கள். சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஜுக்ரா ஒரு காலத்தில் சிலாங்கூரின் அரச நகரம் அல்லவா! மேலே கலங்கரை விளக்கத்துக்கு அருகில் நின்றால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவதும், பச்சை விரிப்பாகச் செம்பனையும் தெரியும். உங்கள் கால் நிற்பது பாறையில். கண்ணுக்கு எட்டியவரை தெரிவதெல்லாம் சேற்றின்மேல். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவோம்.

மோரிப்பில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படை இங்கே கரையிறங்கியது. ஜப்பானியர் அதற்குள் சரணடைந்துவிட்டார்கள். சுடுவதற்கு எதிரில் ஆள் இல்லை. ஆனாலும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட அந்தப் படை திணறிப்போயிற்று. மேலே மணல் போலத் தெரிந்ததை நம்பி இறக்கிய வண்டிகள் அடியில் இருந்த சேற்றில் மாட்டிக்கொண்டன. எதிரி மட்டும் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் படைத் தலைவர்களே கவலையோடு பேசினார்கள். பந்திங் கரையின் மண்ணைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு கதை வேண்டாம்.

உறுமி ஓசையும் தூரத்து ஆட்டமும்

இனி மேற்கே பாருங்கள். நீரிணைக்கு அப்பால் சுமத்ரா. அந்தத் தீவின் முதுகெலும்பு மாதிரி ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. பந்திங்கிலிருந்து அதன் நெருங்கிய பகுதி ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதற்கும் அப்பால், 500 கிலோமீட்டருக்கு மேல் போனால், கடலுக்கடியில் ஒரு பூமித்தகடு இன்னொன்றின் கீழே நுழைகிற இடம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையை எழுப்பிய 9.1 அளவு நிலநடுக்கம் அங்கே வடக்குப் பகுதியில் பிறந்தது. 2005 மார்ச்சில் நியாஸ், 2007 செப்டம்பரில் பெங்கூலு, 2009 செப்டம்பர் 30இல் பாடாங், 2022 பிப்ரவரி 25இல் பாசாமான். இவற்றில் எத்தனையோ கிள்ளான் பள்ளத்தாக்கின் உயரமான கட்டடங்களில் உணரப்பட்டன. பாசாமான் ஆட்டத்தின் அளவு 6ஐச் சற்றுத் தாண்டியதுதான். அதற்கே மக்கள் படியிறங்கி ஓடினார்கள். "தலை சுத்துதுன்னு நெனச்சேன், அப்புறம் பார்த்தா விளக்கு ஆடுது" என்று யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருகிறது? பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலருகே நின்றால் மணி, சிலம்பு, ஒலிபெருக்கி, எல்லாம் கலந்து காதைப் பிளக்கும். இரண்டு கட்டை தள்ளி உங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால்? மணியோசை வராது. உறுமியின் 'தும் தும்' மட்டும் வரும். விரைவான அதிர்வு வழியிலேயே தேய்ந்துபோகிறது. மெதுவான அதிர்வு நெடுந்தூரம் பயணம் செய்கிறது. நிலநடுக்கமும் அப்படியே. சுமத்ராவில் வீட்டை உலுக்குவது வேகமான நடுக்கம். நம்மிடம் வந்து சேர்வது ஒரு விநாடிக்கோ இரண்டு விநாடிக்கோ ஒரு தரம் போய்வரும் மெதுவான ஆட்டம்.

அந்த ஆட்டம் பாறை வழியாக வந்து பந்திங்கின் சேற்றில் ஏறும்போதுதான் கதை மாறுகிறது. மோரிப்பில் அலையைப் பார்த்திருப்பீர்கள். ஆழ்கடலில் தெரியாமல் வரும் அலை, கரையருகே ஆழம் குறைந்ததும் வேகம் குறைந்து, தலை தூக்கி எழுகிறது. பூமியின் அலையும் பாறையில் நொடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் ஓடிவந்து, மென்களிமண்ணில் 100, 120 மீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. கொண்டுவந்த சக்தி எங்கே போகும்? ஆட்டம் அகலமாகிறது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற தாய்மாருக்கு இது தெரியும். தொட்டிலுக்கு அதன் சொந்தத் தாளம் இருக்கிறது. அதற்கு ஒத்துத் தள்ளினால் ஒரு விரல் போதும். ஒவ்வாமல் தள்ளினால் கை வலிக்கும், தொட்டில் ஆடாது. கயிறு நீளமானால் தாளம் மெதுவாகும். மண் படுகைக்கும் இப்படி ஒரு தாளம் உண்டு. கணக்கு எளிது: படுகையின் ஆழத்தை 4ஆல் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் களிமண், வேகம் 120 மீட்டர் என்றால், 120ஐ 120ஆல் வகுக்க 1 விநாடி. 15 மீட்டர்தான் என்றால் அரை விநாடி. களிமண்ணோடு அடி மணலும் சேர்ந்து 100 மீட்டர் ஆழம், சராசரி வேகம் 250 என்றால் 1.6 விநாடி. ஆழம் கூடக்கூடத் தாளம் மெதுவாகிறது. தூரத்திலிருந்து வருவதோ மெதுவான ஆட்டம் என்று பார்த்தோம். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில்தான் அபாயம்.

கட்டடத்துக்கும் தாளம் உண்டு. தோராயமாக, ஒரு மாடிக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. நம் பழைய லயன் வீட்டுக்கு 0.1 விநாடி. ஐந்து மாடி பிளாட்டுக்கு அரை விநாடி. பத்து மாடிக்கு 1 விநாடி. லயத்தில் வாழ்ந்த காலத்தில் நம் தாத்தா பாட்டி சுமத்ரா ஆட்டத்தைப் பற்றி அதிகம் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஆட்டம் அன்றும் வந்தது. அந்தத் தாழ்ந்த பலகை வீடு அதற்குச் செவிகொடுக்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு நாம் பிளாட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் இந்தத் தாளம் நம் வீட்டுத் தாளமாயிற்று.

தூரத்து நாடுகள் கற்ற பாடம்

1985 செப்டம்பர் 19. மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8 அளவு நிலநடுக்கம். தலைநகரம் 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும் நகரின் ஒரு பகுதியில் கட்டடங்கள் நொறுங்கி விழுந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்தப் பகுதி ஒரு பழைய ஏரியின் படுகை. பாறைமேல் இருந்த பல்கலைக்கழகத்தில் கருவி பதிந்த உச்ச ஆட்டத்தைவிட, ஏரிக் களிமண்மேல் இருந்த கருவி பதிந்தது ஏறக்குறைய 5 மடங்கு! அந்தக் களிமண்ணின் தாளம் 2 விநாடி. அதிகம் சேதமானவை 6 முதல் 15 மாடி வரை உள்ள கட்டடங்கள். அதே தெருக்களில் ஓரிரு மாடி வீடுகள் பெரும்பாலும் தப்பின.

மணல் இறுகலாகக் கிடந்தால் ஆட்டத்தை உராய்ந்து தின்றுவிடும் என்றும், சேறு இன்னும் நன்றாகத் தின்றுவிடும் என்றும் பலர் எண்ணியிருந்தார்கள். ஆனால் குழைவு மிகுந்த களிமண் ரப்பர் மாதிரி. இழுத்து விட்டால் திரும்பத் துள்ளும். ரப்பரோடு வாழ்ந்த நமக்கு இது புரியும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மெக்சிகோவின் களிமண் உலகத்திலேயே விநோதமானது. அதில் மண்ணின் எடையைப்போல் மூன்று நான்கு மடங்கு தண்ணீர். நம் கிள்ளான் கடற்களிமண் அந்த அளவுக்கு நீர்கொண்டது அல்ல. ஆகவே மெக்சிகோ கதையைக் கேட்டு நாளைக்கே பந்திங் விழுந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

இந்தியாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை. குஜராத்தில் பூஜ் பகுதியில் நிலநடுக்கம். 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சபர்மதி ஆறு பரப்பிய ஆழமான வண்டல்மேல் அந்த நகரம் நிற்கிறது. இடிந்தவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வெறும் தூண்களை நிறுத்தி வாகனம் விடக் கட்டியவை. மண் ஆட்டத்தைப் பெருக்கியது. பலவீனமான கால்கள் முறிந்தன. மண்ணை மட்டும் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆடுகிற மண்ணின்மேல் ஒல்லிக் கால்களை நிறுத்தியவனுக்கும் பொறுப்பு உண்டு.

அப்படியானால் ஓர் ஊரின் மண் எவ்வளவு ஆட்டும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? பொறியாளர்கள் முதலில் துளையிடுகிறார்கள். வயலில் முக்காலி நட்டு, சம்மட்டி விழுகிற ஓசையோடு குழாய் இறக்குவதைப் பந்திங் பக்கம் பார்த்திருப்பீர்கள். எத்தனை மீட்டரில் என்ன மண் என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்தத் துளைக்குள் கருவியை இறக்கி, மேலே தட்டி, பக்கவாட்டில் ஆட்டும் அலை ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கிறார்கள். பிறகு கணினியில் அந்த அடுக்குகளை அப்பம் அடுக்குவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் பாறையை ஆட்டிப் பார்க்கிறார்கள். எங்கோ ஒரு நிலநடுக்கத்தில் உண்மையாகப் பதிவான ஆட்டத்தைத்தான் அடியில் கொடுப்பார்கள். மேலே என்ன வருகிறது என்பதே விடை.

1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட 'ஷேக்' என்ற நிரல் இந்த வேலைக்கு வழிகாட்டியாயிற்று. ஆனால் மிக ஆழமான படுகைக்கு அது போதவில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தின் கீழே மிசிசிப்பி ஆற்றுப் படுகை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம்! அரிசி மூட்டைகளை அடுக்கினால் அடிமூட்டை எப்படி இறுகிப்போகிறதோ அப்படி, ஆழத்து மண் மேல்சுமையால் இறுகிக் கிடக்கும். இறுகிய மண் ஆட்டத்தைக் குறைவாகத்தான் தின்னும். மேல்மண்ணை அளந்த கணக்கையே அடிமண்ணுக்கும் போட்டால் விடை உண்மையைவிடச் சிறியதாக வந்துவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹஷாஷ் என்ற பேராசிரியரின் குழு இதைச் சரிசெய்து 'டீப்சாயில்' என்ற நிரலை உருவாக்கிற்று. நம் பக்கத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாலேந்திரா, சுமத்ரா ஆட்டம் அந்தத் தீவின் களிமண்மேல் நிற்கும் கட்டடங்களை என்ன செய்யும் என்று கணக்கிட்டார். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அஸ்லான் அட்னானும் அவர் குழுவினரும் தீபகற்பத்துக்கு நிலநடுக்க வரைபடங்கள் வகுத்தனர்.

கணினி சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல. அப்ப அடுக்குக் கணக்கில் மண் எல்லாத் திசையிலும் சமமாகப் பரந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஜுக்ரா மலையடிவாரத்தில் அப்படியா இருக்கிறது? பாறை சரிந்து சேற்றுக்குள் இறங்குகிறது. அத்தகைய விளிம்புகளில் அலைகள் பாறையில் மோதித் திரும்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் மலையடிவாரத்தை ஒட்டி ஒரு பட்டை மாதிரி சேதம் நீண்டதற்கு இதுவும் காரணம்.

நம் வீட்டுக் கணக்கு

மலேசியாவில் நெடுங்காலம் கட்டடங்கள் நிலநடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத பிரிட்டிஷ் விதிகளின்படியே வரையப்பட்டன. 2015இல் சபாவில் ரானாவ் ஆட்டம் கினபாலு மலையில் 18 உயிர்களைக் கொண்டுபோன பிறகு பேச்சு சூடு பிடித்தது. ஐரோப்பிய விதியைத் தழுவி, நம் நாட்டு மண்ணுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற தேசிய இணைப்பு 2017இல் வெளிவந்தது. மண் படுகையின் தாளம், நாம் மேலே போட்ட அந்த விநாடிக் கணக்கு, அதில் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு முன் கட்டிய பிளாட் எல்லாம் விழுந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காற்றுக்காகவும் பக்கவாட்டுத் தள்ளலுக்காகவும் கொஞ்சம் பலம் வைத்தே கட்டியிருப்பார்கள். இதுவரை சுமத்ரா ஆட்டங்கள் இங்கே ஒரு கட்டடத்தையும் சாய்த்ததில்லை. உள்நாட்டு ஆட்டங்களும் சிறியவையே: 2007 முதல் புக்கிட் திங்கியில் சில, 2025 ஆகஸ்ட் 24இல் செகாமட்டில் 4.1 அளவில் ஒன்று.

பந்திங், கிள்ளான் பக்கத்துத் தாமான்களில் வீட்டின் முன்பக்கம், கார் நிறுத்துகிற இடம், தாழ்ந்து சுவரில் விரிசல் விட்டிருப்பதைப் பார்த்து நிலநடுக்கமோ என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது நிலநடுக்கம் அல்ல. வீடு 'பைலிங்' கட்டையின்மேல் நிற்கிறது. முன்பக்கம் வெறும் மண்ணின்மேல் கிடக்கிறது. களிமண் வருடத்துக்கு வருடம் அமுங்க, முன்பக்கம் மட்டும் இறங்குகிறது. அசிங்கமே தவிர ஆபத்து குறைவு. பார்க்க வேண்டியது தூண்களையும் உத்திரங்களையும். தூணில் சிமெண்டு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், கீழ்த்தளத்துத் தூணிலோ சுவரிலோ யாராவது கடைக்காக உடைத்து மாற்றியிருந்தால், நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் போதாது.

புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்கள் சமையலறை ஓட்டின் நிறத்தைக் கேட்கிறார்கள். மண் பரிசோதனை அறிக்கை உண்டா, பாறையோ உறுதியான அடுக்கோ எத்தனை மீட்டரில், 2017 இணைப்பின்படி வரைந்ததா என்று கேட்பவர் அபூர்வம். மூன்றே கேள்வி. விற்பவருக்குத் தெரியாவிட்டால் பொறியாளரைக் கேட்டுச் சொல்லட்டும். வாழ்நாள் கடன் உங்களுடையது.

விளக்கு ஆடத் தொடங்கினால் மின்தூக்கியில் ஏறாதீர்கள். அலமாரி, கண்ணாடி இவற்றை விட்டு விலகி, உறுதியான மேசையின் கீழ் ஒண்டிக்கொள்ளுங்கள். தூரத்து ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேலும் நீடிக்கலாம். படிக்கட்டில் நெருக்கியடித்து ஓடி விழுவதுதான் இங்கே அதிக ஆபத்து. நின்றபின் படிவழியே, பாட்டிமாரையும் பிள்ளைகளையும் முன்னே விட்டு இறங்குங்கள். முடிந்தால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மாடி, எவ்வளவு நேரம், விளக்கு எந்தத் திசையில் ஆடிற்று. வானிலை ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். எல்லாத் தாமானிலும் கருவி வைக்க முடியாது. ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டில் ஆடியதும், அதே நேரத்தில் ஜுக்ரா மலைமேல் இருந்தவருக்கு ஒன்றும் தெரியாமல் போனதும் சேர்ந்து பதிவானால், கணினிக்காரர்கள் தங்கள் அடுக்கைத் திருத்திக்கொள்ள உதவும்.